உம் கொட்டுகிறவள்

உம் கொட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் கோமதியோடு ஒரே ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். உதட்டைக்கூடப் பிரிக்க வேண்டாம்தான். தொண்டைக்குள்ளிருந்து ஒரு 'ம்', அவ்வளவுதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது அதைச் சொல்லிவிட வேண்டும். குளிக்கும்போதும் சொல்ல வேண்டும், சாப்பிடும்போதும் சொல்ல வேண்டும், தென்காசி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும்போதும் சொல்ல வேண்டும். விட்டால் அவளுடைய அப்பா தொலைந்துபோவார்.

செத்துப்போவார் என்று சொல்லவில்லை. உடம்பு பாட்டுக்குக் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். ஆள் உள்ளே எங்கேயோ இருப்பார், கூப்பிடத்தான் வழி இருக்காது. எது மோசம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சங்கரபாண்டியன் சுரண்டைப் பக்கம் காற்றாலை மெக்கானிக்காக இருந்தவர். அந்த ராட்சசக் கம்பத்துக்குள் இருக்கும் ஏணியில் ஏறி இறங்கியே காலத்தைக் கழித்தவர். சம்சாரம் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் ஒரே மகளுக்குத் தானே தலை சீவி, தானே சடை பின்னி வளர்த்தார். சடை எப்போதும் கோணலாகத்தான் இருக்கும், கிரீஸ் வாசனை வேறு அடிக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் மூளைக் காய்ச்சல் வந்து படுத்தவர் கண்ணைத் திறக்கவேயில்லை. காய்ச்சல் இறங்கிவிட்டது, உடம்பும் தேறிவிட்டது, தூக்கம் மட்டும் கலையவில்லை. தூக்கிக்கொண்டு அலையாத இடமில்லை. கடைசியில் குற்றாலத்து மலையடிவாரத்தில் இழையகம் என்று ஒன்று புதிதாக வந்திருப்பதைக் கேள்விப்பட்டு அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இழையகத்தில் தலைமுடியைவிட மெல்லிசான ஓர் இழையை மண்டைக்குள் விடுவார்கள். தூங்குகிறவர் கனவில் பேசுவது அந்த இழை வழியாக வெளியே கேட்கும், வெளியே இருப்பவர் பேசுவது கனவுக்குள் கேட்கும். இழை போட்ட அன்றைக்குக் கோமதி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒலிபெருக்கியில் கரகரவென்று, பல் தேய்க்காத வாயோடு பேசுவதுபோல, அப்பாவின் குரல் வந்தது.

"ஏட்டி பாப்பா, கேக்கியா?"

முப்பது தாண்டிய பொம்பளை, கல்யாணமாகிக் குடும்பம் நடத்துகிறவள், யோசிக்கவேயில்லை. "ம்" என்றாள். அவர் கதையைத் தொடங்கிவிட்டார்.

யானையின் கதை. அது அவளுக்கு ஏழு வயதில் அப்பா பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொண்டு சொன்ன கதை. ஒரு யானை உச்சி வெயிலில் குனிந்து பார்க்கிறது, நிழலைக் காணோம். காலுக்கடியில் இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. யாரோ களவாண்டுவிட்டார்கள் என்று நினைத்து ஊர் ஊராகத் தேடிப் புறப்பட்டுவிட்டது. கனவுக்குள் அப்பாவுக்குப் பக்கத்தில் இன்னும் அந்த ஏழு வயதுப் பிள்ளைதான் படுத்திருந்தது. கோமதிக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதுகொண்டே உம் கொட்டினாள்.

இழைகளைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் ஜெபசிங் நாசரேத்துக்காரர், அவளைவிடச் சின்னவர். அவர்தான் விஷயத்தை விளக்கினார்.

"அக்கா, போன்லயும் கம்ப்யூட்டர்லயும் இதே சங்கதிதான். ரெண்டு பேரு இணைப்புல இருக்காங்க, ஒருத்தரும் பேசலைன்னு வைங்க. நடுவுல இருக்க பெட்டி கொஞ்ச நேரம் பாக்கும், ஆளு இல்ல போலன்னு துண்டிச்சு விட்டுரும். அதுக்காகப் பேச ஒண்ணும் இல்லாட்டாலும் 'இருக்கேன், இருக்கேன்'னு சும்மா ஒரு துளி அனுப்பிக்கிட்டே இருப்போம். இங்க அந்தப் பெட்டி உங்க அப்பாவோட மூளை."

"நேரத்தைக் கூட்டி வச்சிரக் கூடாதா தம்பி?"

"பெட்டின்னா கூட்டிரலாம். மூளையை என்ன பண்ண? காது குத்திட்டுக் கம்மல் போடாம விட்டா தூந்துபோயிரும்லா, அது மாதிரி. ஒரு மணி நேரம் இழை வழியா உள்ள எதுவும் போகலைன்னா சதை மூடிக்கிடும். திரும்பக் குத்துனா மூளை தாங்காது."

மிஷினை வைத்து உம் கொட்ட வைக்கலாமே என்று அவளும் கேட்டாள். கேட்காமல் இருப்பாளா. செய்துதான் பார்த்தார்கள். அவளுடைய குரலையே பதிவு செய்து, வகை வகையான 'ம்'களை மாற்றி மாற்றிப் போட்டார்கள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் சங்கரபாண்டியன் கதையை நிறுத்திவிட்டு, "ஏட்டி, நீ கேக்கல. வாய்தான் உம் கொட்டுது" என்று கோபித்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் கோமதிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்னொரு நாள் அவளுடைய புருஷன் இசக்கிமுத்து, பாவம், பெண்டாட்டி கொஞ்சம் தூங்கட்டும் என்று குரலைக் கீச்சென்று மாற்றி ஒரு உம் கொட்டிப் பார்த்தான். "எவம்ல அது?" என்று மாமனார் உள்ளேயிருந்து அதட்டிய அதட்டில் ஜெபசிங் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார்.

எந்திரிப்பா என்று நேராகவே கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. "கதையை முடிச்சிட்டு எந்திரிக்கேன், நீ பேசாமக் கேளு" என்பார். டாக்டர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கதை முடியட்டும், அவரே வெளியே வந்துவிடுவார், அதுவரை இணைப்பு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். யானைக்கு நிழல் கிடைக்கிற நாளுக்காக ஓர் இழையகமே காத்திருந்தது.

கோமதியின் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டார்கள். அவள் எங்கே போனாலும் அப்பா கூடவே வந்தார். ஒரு வாக்கியம் சொல்வார், கனவில் எங்கேயோ போய்விடுவார், நாழி கழித்து அடுத்த வாக்கியத்தோடு வருவார். யானை காற்றாலையிடம் போய், உன் நிழலில் கொஞ்சம் கடன் கொடேன் என்று கேட்டது. நின்றால்தானே கொடுப்பதற்கு என்று காற்றாலை சுற்றிக்கொண்டே சொன்னது. யானை ரயிலடிக்குப் போய் நிழல்களெல்லாம் இறங்குகிற வண்டி எப்போது வரும் என்று விசாரித்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது, அங்கே வேறொரு யானை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கேட்கக் கேட்கக் கோமதிக்கே இரண்டு ஊரில் வாழ்வதுபோல் ஆகிவிட்டது. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது அந்த யானை தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நிதானமாக நடந்து போகும். கோயிலில் தீபாராதனை காட்டும்போது தூணுக்குப் பின்னால் அதன் காது அசையும். அவள் பாட்டுக்கு "ம்" என்பாள். காய்க்காரம்மா விலைக்குச் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு எடை போட்டுவிடுவாள். ஒரு விசேஷ வீட்டில் சித்தி ஒருத்தி, என் மகளுக்கு உன் கொழுந்தனைக் கேட்டு வரலாமா என்று கேட்டபோது யானை ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. கோமதி 'ம்' சொல்லித் தொலைத்தாள். அடுத்த வாரமே பூ, பழத் தட்டோடு வந்து நின்றார்கள். அந்தக் களேபரத்தைத் தீர்ப்பதற்குள் இசக்கிமுத்துவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். தூக்கத்தைத் துண்டு துண்டாக நறுக்கித் தூங்குகிறவளுக்குத்தான் அதன் வலி தெரியும். அலாரம் அடிக்கும், விழிப்பாள், உம் கொட்டுவாள், படுப்பாள். ஒரு சினிமா முழுசாகப் பார்த்ததில்லை. பிள்ளை பெற்றுக்கொள்வதைத் தள்ளிப்போட்டார்கள். ஒரு காதில் அப்பா இருக்கும்போது மறு காதில் பிள்ளை அழுதால் யாருக்கு உம் கொட்டுவது என்று அவள் இசக்கிமுத்துவிடம் கேட்டாள். தென்காசியில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த அவன், கடையை அடைத்துவிட்டுத் தினமும் சாப்பாடு தூக்கிக்கொண்டு வருவான். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே குறைந்துபோயிருந்தது. அவன் பேசும்போது அவள் சொல்லும் 'ம்' தனக்கா மாமனாருக்கா என்று அவனுக்குத் தெரிவதில்லை. அதைக் கேட்கவும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த ஆனி மாசம் ஒரு மத்தியானம் நடந்தது அது. சாரல் பூவாகத் தூவிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த ஈரக்காற்று முகத்தைத் தடவ, கட்டிலோரம் உட்கார்ந்திருந்த கோமதி தன்னை அறியாமல் அசந்துவிட்டாள். அலாரம் அடித்ததும் தெரியவில்லை. ஜெபசிங் ஓடிவந்து தோளை உலுக்கியபோது ஒரு மணி நேரம் முடிய இன்னும் கொஞ்சமே பாக்கி. அவள் பதறிப்போய் "ம், ம், ம்" என்று கொட்டித் தீர்த்தாள்.

அப்பா கதையைத் தொடர்ந்தார். ஆனால் ஜெபசிங் போகாமல் அங்கேயே நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அக்கா, நீங்க தூங்கையில ஒண்ணு நடந்துச்சு. வழக்கமா நீங்க உம் கொட்டாம லேட் ஆச்சுன்னா இழையில ஓட்டம் குறையும். இன்னைக்கும் குறைஞ்சிச்சு. ஆனா அதே நேரத்துல இவரு வலது கை அசைஞ்சிருக்கு. மூணு வருஷத்துல ஒரு தடவைகூட அசைஞ்சதில்ல. நானும் பயந்துபோய் உங்களை எழுப்பிட்டேன்."

அந்த நேரத்தில் அப்பா என்ன பேசினார் என்று போட்டுக் காட்டச் சொன்னாள். பதிவில் யானை ஒரு பாலத்தில் ஏறியது. கேக்கியா என்றார். பதில் இல்லை. ஏட்டி என்றார். பதில் இல்லை. பிறகு ஒரு மாதிரி தணிந்த குரலில், "தூங்கிட்டியா பாப்பா?" என்றார். அந்தச் சமயத்தில்தான் கை அசைந்திருந்தது.

 கோமதிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. ஜெபசிங் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"தம்பி, நாம எல்லாரும் கிறுக்குத்தனம் பண்ணிக்கிட்டு இருந்திருக்கோம். இந்தக் கதைக்கு முடிவே கிடையாது."

"என்னக்கா சொல்றீங்க?"

"சின்னப் பிள்ளையில ஒரு நாளும் நான் முடிவைக் கேட்டதில்ல. அதுக்கு முன்னால தூங்கிருவேன். அதனால எங்கப்பா முடிவுன்னு ஒண்ணை யோசிக்கவே இல்ல. நான் தூங்குறதுதான் அவருக்கு முடிவு. உம் நின்னுச்சுன்னா, தூங்கிட்டியான்னு கேப்பாரு. பதில் இல்லைன்னா போர்வையை இழுத்து மூடிவிட்டுட்டு எந்திரிச்சுப் போவாரு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நான் உம் கொட்டிக் கொட்டி அவரை எந்திரிக்க விடாம வச்சிருக்கேன்."

ஜெபசிங் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் சொல்வது சரியாக இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். சரியாக இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். உம் கொட்டாமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் இழை தூர்ந்துவிடும். அதற்குள் அவர் எழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் அவரை எழுப்ப இனி யாராலும் முடியாது. டாக்டர்களிடம் கேட்டதில், மகள் சம்மதித்தால் தடுக்க மாட்டோம், செய்யுங்கள் என்று சொல்லவும் மாட்டோம் என்றார்கள். பொறுப்பை எவ்வளவு அழகாகத் தட்டிக் கழிக்கிறார்கள் பாருங்கள்.

கோமதி ஒரு வாரம் பித்துப் பிடித்தவள்போல் திரிந்தாள். யானை தேயிலைத் தோட்டத்தில் நடந்தது, அவள் உம் கொட்டினாள். யானை மேகத்துக்குள் தலையை விட்டு மறுபக்கம் எட்டிப் பார்த்தது, அவள் உம் கொட்டினாள். அவளை அரித்தது ஒரே கேள்விதான். அப்பா எழுந்துவர வேண்டும் என்பதற்காகச் செய்கிறாளா, இல்லை, தான் தப்பித்தால் போதும் என்று செய்கிறாளா? ஒரு நாள் முழு இரவு தூங்குவதற்காக அப்பாவைப் பலி கொடுக்கிறாளா? நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் இரண்டும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சாப்பாடு கொண்டுவந்த இசக்கிமுத்துவிடம் கேட்டாள். அவன் ரொம்ப நேரம் டிபன் கேரியரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"செய்யின்னு என்னால சொல்ல முடியாது கோமதி. நாளைக்கு ஒண்ணுன்னா, நான் சொல்லித்தான் செஞ்சேன்னு உன் மனசுல நின்னுரும். வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். நீ எதைச் செஞ்சாலும் பக்கத்துல இருக்கேன், அது மட்டும் நிச்சயம்."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சரிங்க" என்றாள். அது தனக்குத்தான் என்று இசக்கிமுத்துவுக்கு விளங்கியது.

மறுநாள் காலை பத்து மணிபோல உட்கார்ந்தார்கள். வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்தன. மலையில் பாதியைக் காணோம், மேகம் மூடியிருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் கோமதி, அவளுக்குப் பின்னால் இசக்கிமுத்து, திரையின் முன்னால் ஜெபசிங். கோமதி கடைசியாக ஒரு தடவை "ம்" என்றாள். அப்புறம் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

யானை ஒரு மணல் மேட்டில் ஏறியது. நின்று மூச்சு வாங்கியது. கேக்கியா என்றார் அப்பா.

வாயை அடைப்பது அவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது. தும்மலை அடக்குவதுபோல மார்பெல்லாம் திமிறியது. மூன்று வருஷமாக அவள் உடம்பு கற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தானே.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆறு என்றார் அப்பா. சூரியன் சாய்ந்துவிட்டது, யானை திரும்பிப் பார்க்கிறது, மணலில் நீளமாக, கறுப்பாக, என்னமோ கிடக்கிறது. "என்னன்னு சொல்லட்டாட்டி?"

கோமதிக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. இந்த இடம் வரைக்கும் கதை வந்ததே இல்லை. ஒரே ஒரு உம் கொட்டினால் போதும், அவர் சொல்லிவிடுவார். இசக்கிமுத்து அவள் தோளை அழுத்திப் பிடித்தான். அவள் கொட்டவில்லை.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. மேகம் நகர்ந்து ஜன்னலுக்குள் வெயில் வந்தது, திரும்ப மறைந்தது. ஜெபசிங் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முக்கால் மணிக்கு மேல் ஆகியிருக்கும்.

"தூங்கிட்டியா பாப்பா?"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூச்சைக்கூடச் சத்தம் வராமல் விட்டாள். நிஜமாகவே தூங்குகிற பிள்ளை எப்படி மூச்சு விடும் என்று நினைத்து நினைத்து விட்டாள். கருவியில் பெருமூச்சு ஒன்று கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கை அசைகிறதா என்று இசக்கிமுத்து எட்டிப் பார்த்தான். அசையவில்லை.

ஒரு மணி நேரமும் ஆனது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு மெலிந்து மெலிந்து நூலாகி, இல்லாமல் போனது. ஜெபசிங் விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். தூர்ந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. கோமதியின் காது காலியாகிவிட்டது. மூன்று வருஷமாக அங்கே குடியிருந்தவர் போய்விட்டார். தன் கையாலேயே அப்பாவை முடித்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஓலமிட வாயைத் திறந்தாள்.

"உஸ்."

சத்தம் கருவியிலிருந்து வரவில்லை, கட்டிலிலிருந்து வந்தது. 

சங்கரபாண்டியன் கண்ணைத் திறந்திருந்தார். வலது கை நடுங்கிக்கொண்டே மேலே வந்து, ஒரு விரலை உதட்டில் வைக்கப் பார்த்து, மோவாயில் வைத்தது. வறண்ட உதடு ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றது. அவர் தன்மேல் கவிழ்ந்து நிற்கும் கோமதியை ஏற இறங்கப் பார்த்தார். நரை ஓடத் தொடங்கிய தலை, அழுது வீங்கிய முகம். அக்கம்பக்கத்துப் பொம்பளை யாரோ ஆத்திர அவசரத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாகத்தான் பேசினார்.

"யாரும்மா நீங்க? சத்தம் போடாதிய. பாப்பா இப்பத்தான் தூங்குனா."

சொல்லிவிட்டு, தனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைத் தடவி, போர்வையின் ஓரத்தை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மூடிவிட்டார். இசக்கிமுத்து என்னவோ சொல்ல வாயெடுத்தான். கோமதி அவன் கையைப் பிடித்து அழுத்தித் தடுத்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, குரலை முடிந்தமட்டும் தாழ்த்தி, "சரிங்க" என்றாள்.

அப்பா என்று கூப்பிட்டால் பாப்பா எழுந்துவிடுவாளே.